கேஸ் போடுவதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

(சங்கத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

செயலாளர் சார் என்னிடம் "பத்து நிமிஷம் பேசுங்க, எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுங்க" என்றார். பத்து நிமிடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் போன கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கு ஓடிய நேரத்தைவிடக் கண்டிப்பாகச் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

மூன்றாம் மாடியிலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கீழே நிற்கும் காரை நனைக்கிறவர் என்றுதான் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். அதற்கு முன்பு 26 வருடம் வண்டி ஏ.சி. வேலைதான் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கடையை மூடிவிட்டேன். பழக்கம் மட்டும் போகவில்லை. யாராவது லிஃப்டில் "வண்டியில ஏ.சி. சரியில்ல சார்" என்றால் என் மாடி வந்தாலும் இறங்க மனம் வராது.

அப்படித்தான் போன மே மாதம் டி பிளாக் நண்பர் மாட்டினார். அவருடைய வெள்ளை நிற டபுள் கேபின் பிக்அப்பைப் பார்த்திருப்பீர்கள். 14 வயது வண்டி. செய்யாறு பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதற்காக வாங்கியது. இப்போது அந்த வண்டியின் முக்கியமான வேலை வேறு. வாரத்தில் மூன்று நாள் அவருடைய அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறது. காலையில் போய்விட்டு மதியம் ஒரு மணி வெயிலில் திரும்புவார்கள். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு வருகிற அம்மாவுக்கு உடம்பில் தெம்பே இருக்காது. சில நாள் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வேறு. அந்த நிலையில் சிக்னலில் நிற்கும் வண்டிக்குள் காற்றில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் பாதி வழியில் மயங்கியே விட்டார்களாம்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு கடைக்குப் போனார், கேஸ் குறைச்சல் என்று நிரப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு கடை, மறுபடியும் கேஸ். மூன்றாவது கடையில் கம்ப்ரசரும் கூலிங் காயிலும் மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "வண்டியை வித்துடலாம்னு இருக்கேன் சார்" என்று லிஃப்டில் சொன்னார்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "குளிர்ச்சி வரலையா, காற்றே வரலையா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "கையைக் கிட்ட வெச்சா ஜில்லுனுதான் சார் இருக்கு. ஆனா வர மாட்டேங்குது."

இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இந்த ஒரு கேள்வியைத்தான். வண்டி ஏ.சி.யில் இரண்டு இலாகா இருக்கிறது. கம்ப்ரசர், கேஸ், முன்னால் ரேடியேட்டரை ஒட்டி நிற்கும் கண்டென்சர், இவையெல்லாம் குளிர்ச்சி இலாகா. ப்ளோயர் மோட்டார், ஃபில்டர், டேஷ்போர்டுக்குள் திறந்து மூடும் கதவுகள், குழாய்கள், இவை காற்று இலாகா. கூலிங் காயில் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கேஸ் அதன் குழாய்க்குள் ஓடுகிறது, காற்று அதன் தகடுகளுக்கு நடுவில் நுழைந்து வருகிறது. நம் நண்பருடைய புகார் காற்று இலாகாவைச் சேர்ந்தது. மூன்று கடையிலும் மனுவைக் குளிர்ச்சி இலாகாவில் வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நல்லவனாக இருக்க முடியாது. கடை வைத்த முதல் சில வருடங்கள் நானும் இதைத்தான் செய்தேன். வாடிக்கையாளர் அவசரத்தில் இருப்பார், கேஜ் மாட்டி கேஸ் ஏற்றுவது அரை மணி வேலை, கைமேல் காசு. டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை? "ஏ.சி. வேலை செய்யல" என்றால் "கேஸ் பார்த்துடலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஒருவர் ஒரே கோடையில் மூன்று முறை வந்தார். மூன்றாவது முறைதான் ப்ளோயரைக் கழற்றினேன். உள்ளே ஒரு பாலிதீன் பை உட்கார்ந்திருந்தது. முதல் இரண்டு முறை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அந்தக் கசிவை அடைக்காமல் மேலே நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். குறையாத வண்டியில் இன்னும் ஏற்றினால் அதைவிட மோசம். அழுத்தம் ஏறி கம்ப்ரசர் திணறும். உங்கள் வண்டிக்கு எத்தனை கிராம் கேஸ் என்று பெரும்பாலும் பானெட்டுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கரில் போட்டிருக்கும். எடைபோட்டு ஏற்றுகிற கடைக்குப் போங்கள். பைப்பைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்கிற கடைக்குப் போகாதீர்கள்.

சரி, காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்ப்போம். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் ஒரு சல்லடை மாதிரி கிரில் இருக்கிறதே, அதுதான் வெளிக்காற்றின் வாசல். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை வைத்தால் அந்த வாசல் மூடி, இடதுபக்கம் கால் வைக்கும் இடத்துக்கு மேலே உள்ள வாசல் திறக்கும். இரண்டில் எதன் வழியாக வந்தாலும் காற்று ஃபில்டரைத் தாண்டி ப்ளோயருக்குள் போகும், அங்கிருந்து கூலிங் காயில், பிறகு கதவுகள், பிறகு உங்கள் முகம். நம் ஊர் வண்டிகளில் ப்ளோயர் பொதுவாக இடதுபக்கம், டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

பழைய பிக்அப்களில் ஒரு விசேஷம் உண்டு. அவற்றைச் சுமை வண்டியாக நினைத்துச் செய்தார்கள், உட்காருகிறவருக்கு ஃபில்டர் எதற்கு என்று பலவற்றில் ஃபில்டரே வைக்கவில்லை. சிலவற்றில் ஃபில்டர் நுழையும் இடம் இருக்கும், மேலே ஒரு மூடியும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அப்போது வெளியிலிருந்து வருகிற குப்பைக்கு முதல் தடுப்பே கூலிங் காயில்தான். காயில் எப்போதும் ஈரமாக இருப்பது. ஈரச் சுவரில் புழுதி ஒட்டினால் என்ன ஆகும்? 14 வருடப் புழுதி கம்பளி மாதிரி படிந்துவிடும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரும் உங்கள் காதும் போதும். எஞ்சினை ஓட்ட வேண்டாம். சாவியைத் திருப்பி ப்ளோயரை மட்டும் நாலாம் எண்ணில் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு காற்று வாயிலும் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் பலமாக இருந்து பேப்பர் சோம்பலாக ஆடினால் வழியில் அடைப்பு. சத்தமே குறைவு என்றால் மோட்டாரோ கரண்டோ சரியில்லை. சத்தமும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, ஆனால் காலுக்கோ கண்ணாடிக்கோ போகிறது என்றால் உள்ளே இருக்கும் கதவு கோளாறு.

அடைப்பு என்று தெரிந்தால் அடுத்த சோதனை. வெளிக்காற்று நிலையிலும் உள்காற்று நிலையிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உள்காற்றில் காற்று கொஞ்சம் கூடுவது இயல்பு. ஆனால் வெளிக்காற்றில் ஒன்றுமே இல்லை, உள்காற்றில் பிய்த்துக்கொண்டு வருகிறது என்றால் அடைப்பு வைப்பருக்குக் கீழே உள்ள வாசலில். இரண்டிலும் ஒரே மாதிரி மந்தம் என்றால் அடைப்பு அதற்கும் உள்ளே, ஃபில்டரிலோ காயிலிலோ. ஃபில்டர் என்றால் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு காரியத்திலேயே பாதிப் பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் நண்பர் வண்டியில் இரண்டிலும் மந்தம். ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு விருந்தினர் பார்க்கிங்கில் வைத்து டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினோம். ப்ளோயருக்குப் பக்கத்தில் ரெசிஸ்டர் என்று ஒரு சின்னப் பொருள் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அதைக் கழற்றினால் ஓட்டை கிடைக்கும். அந்த ஓட்டை வழியாக செல்போனை டார்ச்சோடு நீட்டி வீடியோ எடுத்தோம். நான் வேலை பார்த்த காலத்தில் பல் டாக்டர் கண்ணாடியை வைத்துக்கொண்டு தரையில் படுப்பேன். இப்போது எவ்வளவு வசதி!

வீடியோவில் காயிலே தெரியவில்லை. அதன் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மெத்தை. பார்த்தால் நம் வளாகத்து மயில்கொன்றை இலை. அந்த இலை தனித்தனியாகப் பிரிந்தால் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். எந்த கிரில்லையும் தாண்டிவிடும். அதோடு இயல்வாகையின் மஞ்சள் பூ, எலி கொண்டுவந்த பஞ்சு, இருக்கை உறையின் நூல், பாதி தின்ற வேர்க்கடலைத் தோல். நண்பர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா ஒரு வருடமாக இதன் வழியாக வந்த காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார் என்ற நினைப்பு அவருக்கு.

எலி என்றதும் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் தொட்டோம். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும், விளையாட்டில்லை. வாக்யூம் கிளீனரும் நீளமான மென்மையான பிரஷ்ஷும் வைத்து இரண்டரை மணி நேரம் வேலை. காயிலின் தகடு அலுமினியம், காகிதம் மாதிரி மடங்கும். வண்டி கழுவும் இடத்து அழுத்தத் தண்ணீரையோ கம்ப்ரசர் காற்றையோ அதன் மேல் நேராக அடித்தால் தகடுகள் படுத்து, வழி நிரந்தரமாக மூடிவிடும். பிறகு காயிலுக்கென்று கடையில் விற்கும் நுரை அடித்துக் கழுவினோம். முழுக்கச் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முழுக்கச் சுத்தம் செய்ய டேஷ்போர்டையே இறக்க வேண்டும். முக்கால்வாசி வந்தது.

கழுவின தண்ணீர் கீழே வரவில்லை. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாயும் அடைத்திருந்தது. உங்கள் வண்டியில் இடதுபக்க மிதியடி நனைந்திருந்தாலோ பழைய துணி வாடை வந்தாலோ முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள். வண்டிக்குக் கீழிருந்து மெல்லிய கம்பி விட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். ஆழமாகக் குத்தாதீர்கள், மேலே காயில் இருக்கிறது.

இப்போது நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கழற்றிய அந்த ரெசிஸ்டரைப் பார்த்தேன். அதில் சொருகும் பிளாஸ்டிக் கனெக்டர் பழுப்பேறி ஒரு மூலை உருகியிருந்தது. ப்ளோயரின் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பதுதான் ரெசிஸ்டர் வேலை. ஒன்று, இரண்டு, மூன்றில் வைக்கும்போது கரண்ட் அதன் வழியாகப் போகும், அது சூடாகும். அந்தச் சூடு ஆறட்டும் என்றுதான் அதைக் காற்று போகும் பாதையிலேயே வைத்திருக்கிறார்கள். காற்று அடைத்துவிட்டால் அதை யார் ஆற்றுவது? எரிந்து போகும். நாலாம் எண்ணில் மட்டும் அதைத் தொடாமல் கரண்ட் நேராக மோட்டாருக்குப் போவதால், ரெசிஸ்டர் போன வண்டியில் கடைசி வேகம் மட்டும் ஓடும். "நாலுல மட்டும் வேலை செய்யுது" என்று யாராவது சொன்னால் வண்டியைப் பார்க்காமலே ரெசிஸ்டர் என்று சொல்லிவிடலாம்.

சில நூறு ரூபாய்ப் பொருள்தான், மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய ஆறு மாதத்தில் மறுபடி எரிந்தால் குற்றவாளி அது இல்லை. ஒன்று காற்று அடைப்பு, இல்லையென்றால் மோட்டாரின் பேரிங் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது. ப்ளோயர் விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். தளர்வாக நாலைந்து சுற்று சுற்றி நிற்க வேண்டும். கையை எடுத்ததும் நின்றாலோ கீச்சென்று கத்தினாலோ மோட்டாரை மாற்றுங்கள். உருகின கனெக்டரையும் சேர்த்து மாற்றுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது, சிகரெட் பெட்டி ஜிகினாத் தாள் சுற்றுவது, இதெல்லாம் டேஷ்போர்டுக்குள் தீ வைப்பதற்குச் சமம். நம் வண்டிகள் நிற்பது அடித்தளத்தில், ஒன்றோடொன்று ஒட்டி, மேலே 84 குடும்பம். அதனால்தான் இதை இந்தக் கூட்டத்தில் சொல்கிறேன்.

இன்னொரு வகை கோளாறு உண்டு, ஆளை நன்றாக ஏமாற்றும். கிளம்பும்போது காற்று அருமையாக வரும். திண்டிவனம் தாண்டும்போது குறையும். விக்கிரவாண்டியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி அருமை. மெக்கானிக்கிடம் போனால் அங்கேயும் நன்றாகவே வரும், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். இது காயில் மேல் ஐஸ் கட்டுவது. காற்றில் உள்ள ஈரம் உறைந்து தகடுகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்கிறது, நிறுத்தினால் உருகிவிடுகிறது. காற்று குறையும்போது ஏ.சி. பொத்தானை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓடவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காற்று திரும்பி, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் ஐஸ்தான். காயில் குளிர்ச்சியைப் பார்த்து கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சார் கெட்டிருக்கலாம். காயில் அழுக்காகிக் காற்று குறைந்தாலும் ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் கட்டும். ஆமாம், இந்த ஒரு இடத்தில் கேஸ்காரர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும்.

உள்ளே இருக்கும் கதவுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம் வந்தால் கதவைத் திருப்பும் குட்டி மோட்டாரின் பல் உடைந்திருக்கும். கருப்புத் தூள் பறந்து வந்தால் கதவில் ஒட்டிய பஞ்சு உதிர்கிறது. கேபிள் உள்ள பழைய வண்டியில் கேபிள் கழன்றிருக்கும். ஒரு வேடிக்கை மட்டும் சொல்கிறேன். என் மைத்துனர் டெக்சாஸில் ஒரு பழைய பெட்ரோல் பிக்அப் வைத்திருந்தார். மேம்பாலம் ஏறினால் முகத்துக்கு வரும் காற்று நின்று முன்கண்ணாடிக்குப் போய்விடும், இறங்கினால் திரும்பி வரும். பேய் பிடித்திருக்கிறது என்று போனில் சிரித்தார். அங்கே பல பழைய பிக்அப்களில் அந்தக் கதவுகள் எஞ்சினின் உறிஞ்சும் விசையில் இயங்குபவை. மேடேற ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உறிஞ்சல் குறையும். குறைந்தால் காற்று முன்கண்ணாடிக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள், எது கெட்டாலும் ஓட்டுகிறவருக்குச் சாலை தெரிய வேண்டும் அல்லவா? வெடித்த ஒரு சின்ன ரப்பர் குழாயை மாற்றினார், பேய் போய்விட்டது.

கடைசியாக மரம். நான் இந்தக் கதையைச் சொன்ன மறுநாளே வாட்ஸ்அப் குழுவில் "மயில்கொன்றையை வெட்டிவிடலாமே" என்று ஒரு செய்தி வந்தது. தயவுசெய்து வேண்டாம். அந்த நிழல் இல்லாவிட்டால் வண்டிக்குள் இன்னும் சூடுதான் ஏறும். வாரம் ஒரு முறை வண்டி துடைக்கும் தம்பியிடம் பானெட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே கையால் அள்ளச் சொல்லுங்கள். மரத்தடியில் நிறுத்தும்போது உள்காற்று நிலையில் வைத்துவிட்டு இறங்குங்கள், வாசல் மூடியிருக்கும். கிரில்லுக்கு அடியில் கொசுவலைக் கம்பியைவிடக் கொஞ்சம் பெரிய கண் உள்ள வலை வைக்கலாம். எலிக்கு மருந்து மட்டும் வைக்காதீர்கள். அது தின்றுவிட்டு உங்கள் ப்ளோயருக்குள் போய்ப் படுத்தால் அந்த வாடையோடு ஒரு மாதம் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். பார்க்கிங்கில் குப்பைப் பை வைக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

டிரைவர்கள் விஷயமும் ஒன்று. மதியம் அடித்தளத்தில் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவதை இரண்டு முறை பார்த்தேன். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம். அவர்களைத் திட்டிப் பயனில்லை. வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறியும் இரண்டு பெஞ்சும் போட்டுக் கொடுங்கள் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர் வண்டி என்ன ஆனது என்று முன்வரிசையில் மாமி கேட்கிறார். ரெசிஸ்டரும் கனெக்டரும் புதிது போட்டோம். மோட்டார் இறுகியிருந்தது, புதுப்பேட்டையில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தது. ஒரு கடையில் கேஸை முழுக்க எடுத்து எடைபோட்டு மறுபடி ஏற்றச் சொன்னோம். ஸ்டிக்கரில் இருந்ததைவிட அதிகம்தான் இருந்ததாம். கம்ப்ரசரைத் தொடவே இல்லை. அடுத்த புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்து வரும்போது அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, "காதெல்லாம் குளிருதுடா, கொஞ்சம் குறை" என்றாராம். ஒன்றாம் எண்ணுக்குக் குறைத்திருக்கிறார், ஓடியிருக்கிறது.

கேஸ் மெஷினை விற்றுவிட்டேன், அதைக் கேட்காதீர்கள். மே மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை விருந்தினர் பார்க்கிங்கில் இருப்பேன். டிஷ்யூ பேப்பர் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் வண்டியையும், டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் சாமானை எல்லாம் முன்பே எடுத்து வைத்துவிட்டும் வாருங்கள்.